மாந்தோப்பு மண்ணில் கார்பன் எவ்வளவு? வளையமும் சல்லடையும் வைத்து அளந்த முறை

செங்குன்றம் தாண்டி காரனோடை, சோழவரம் பக்கம் போனால், வீட்டுமனை ஆகாமல் தப்பிய மாந்தோப்புகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. அப்படி ஒரு பழைய தோப்பையும், அதன் வேலியை ஒட்டி வருடா வருடம் உழுது வேர்க்கடலையும் உளுந்தும் போடுகிற நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கும் வேலை இது. தோப்பு மண்ணில் கார்பன் கூடியிருக்கிறதா? மண்ணின் கட்டுமானம், அதாவது துகள்கள் கட்டியாக ஒட்டி நிற்கும் விதம், மாறியிருக்கிறதா? கேள்வி இவ்வளவுதான். மண்வள அட்டையில் வரும் அங்ககக் கார்பன் (மட்கில் இருக்கும் கார்பன்) சதவீதத்தை மட்டும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால் விடை தப்பாக வரும். எவ்வளவு தப்பும், ஏன் தப்பும் என்பதைக் கீழே கணக்கோடு போட்டிருக்கிறேன்.

முதலில் ஜோடி சரியாக அமைய வேண்டும். மேட்டு நிலத்துச் செம்மண் தோப்பை, பள்ளத்தில் இருக்கும் நெல் வயலோடு ஒப்பிடக் கூடாது. களிமண் இயல்பாகவே கார்பனைப் பிடித்து வைக்கும். தண்ணீர் தேங்கினால் மட்கு சிதைவதும் மெதுவாகும். அப்போது வயல் ஜெயித்துவிடும், தோப்பின் மேல் குறை சொல்லிவிடுவோம். இரண்டு இடத்திலும் 50 செ.மீ. குழி தோண்டி நிறத்தையும் சரளை தொடங்கும் ஆழத்தையும் பாருங்கள். ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடாவாக நீட்டுங்கள். நாடா நீளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு போகலாம். இல்லையென்றால் வேறு நிலம் தேடுவதே நல்லது. பின்னால் எந்தக் கணக்கும் இந்தக் குறையைச் சரிசெய்யாது.

நேரம்: தை கடைசி, மாசி முதல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் மிதமான ஈரம் நிற்கும். கார்த்திகையில் போனால் மண் எடுக்கும் வளையத்தை அடிக்கும்போதே மண் அமுங்கும். சித்திரையில் போனால் பாளம் பாளமாக உடையும். இன்னொன்று, மழைக்குப் பின் களைக்காக ஒரு உழவு போடுவது இந்தப் பக்கத்துத் தோப்புகளில் வழக்கம். அதற்கு முன்பே மண் எடுத்துவிட வேண்டும். உழுத மறுவாரம் எடுத்த மண்ணில் அடர்த்தி (ஒரு கன செ.மீ. இடத்தில் இருக்கும் காய்ந்த மண்ணின் எடை) செயற்கையாகக் குறைந்திருக்கும்.

சாமான்

வளையம்தான் முக்கியம். அதற்குள் அடங்கும் மண்ணின் எடையை அதன் கொள்ளளவால் வகுத்தால்தான் அடர்த்தி வரும். பலரும் கையில் கிடைக்கும் இரண்டு அங்குல ஜி.ஐ. குழாயை வெட்டிவிடுகிறார்கள். அதன் வெளி விட்டம் 60 மி.மீ., உள் விட்டம் 53 மி.மீ. சுவர் அவ்வளவு தடிமனாக இருப்பதால், உள்ளே இறங்கும்போது மண்ணை அமுக்கிக்கொண்டே போகும். உள் வாய்ப்பரப்போடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பே 28 சதவீதம் வருகிறது. அது 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. படிக்கட்டுக் கைப்பிடிக்கு வாங்கும் எஸ்.எஸ். குழாயில் மூன்று அங்குலம், 1.5 மி.மீ. சுவர் என்று கேட்டு வாங்குங்கள். வெளி விட்டம் 76.2, உள் விட்டம் 73.2 மி.மீ.; விகிதம் 8.4 சதவீதம். 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் கொள்ளளவு 210 கன செ.மீ.

ஒரு அடிக் குழாய் சுமார் 850 கிராம் இருக்கும். சென்னை மண்ணடிக் கடைகளில் துண்டாகக் கேட்டால் 250 ரூபாய் அளவில் முடியும். அதில் ஐந்து வளையம் தாராளமாக வரும். மாதவரம், கொடுங்கையூர் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் வெட்டி முனை தீட்டித் தருவார்கள், வளையத்துக்கு 60, 70 ரூபாய் ஆகும். கூர்மை வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும், உள்பக்கம் நேராக இருக்க வேண்டும். இதைப் பட்டறைக்காரரிடம் படம் போட்டே காட்டிவிடுங்கள். சொல்லாவிட்டால் வழக்கப்படி உள்பக்கம் பிசிறு எடுத்துத் தருவார்கள். அதோடு வளையம் கெட்டது. வந்ததும் ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்து, கொள்ளளவை அதன்மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். உயரம் ஒரு மி.மீ. தவறினால் அடர்த்தியில் 2 சதவீதம் போய்விடும்.

2 மி.மீ. சல்லடை பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், ஆயிரம் ரூபாய் அளவில். ஜன்னல் கொசுவலையை வைத்துச் சமாளிக்க முடியாது, அதன் கண் சிறியது. மற்றபடி ஒரு கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, மரக்கட்டை, இரண்டு கிலோ சுத்தியல், கொத்தனார் கரண்டி, பழைய கத்தி, பாலித்தீன் பை, அழியாத மார்க்கர். ஆய்வகக் கட்டணம் நீங்கலாக எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் அடங்கும்.

எங்கே எடுப்பது

மாந்தோப்பில் மிகச் சுலபமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். நிழலாக இருக்கிறதென்று எல்லா மண்ணையும் மரத்தடியிலேயே எடுத்துவிடுவார்கள். மரத்தடியில்தான் இலை விழுகிறது, எரு விழுகிறது, கலப்பையும் கிட்டே போகாது. 10க்கு 10 மீட்டர் நடவில் ஒரு மரத்துக்கு 100 சதுர மீட்டர். கவிகையின் (கிளைகள் விரிந்த குடையின்) ஆரம் 3.5 மீட்டர் என்றால் நிழல் விழும் பரப்பு 38.5 சதுர மீட்டர்தான், மீதி 61.5 டிராக்டர் ஓடும் இடம். மரத்தடியில் ஹெக்டேருக்கு 40 டன் கார்பன், இடைவெளியில் 27 டன் என்று வைத்துக்கொண்டால், பரப்பு வாரியாகச் சேர்த்தால் தோப்புக்கு 32 டன் வரும். மரத்தடியை மட்டும் அளந்தவர் 40 என்று எழுதுவார். நான்கில் ஒரு பங்கு ஊதிப் பெருத்த கணக்கு அது.

ஆகவே மூன்று பகுதி: எரு போடும் பாத்தி, பாத்திக்கு வெளியே கவிகை ஓரம் வரை, வரிசை இடைவெளி. ஒவ்வொன்றின் பரப்பையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பகுதிக்கு மூன்று இடமாவது வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 0–10, 10–20, 20–30, 30–40 செ.மீ. என நான்கு அடுக்கு. கடைசி அடுக்கு எதற்கு என்பது கணக்கில் வரும்போது புரியும். இதை விட்டுவிட்டு வந்தால் திரும்பக் குழி தோண்ட வேண்டியிருக்கும்.

மண்ணுக்கு மேல் கிடக்கும் சருகு மண் கார்பனில் சேராது. 50 செ.மீ. சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் இருப்பதை அள்ளித் தனிப் பையில் போடுங்கள். காய்ந்த எடை ஒரு கிராம் என்றால் ஹெக்டேருக்கு 40 கிலோ. மாவிலை மெதுவாகத்தான் மட்கும். பாதி மட்கிய கருப்புச் சருகு மண்ணோடு ஒட்டியிருக்கும் இடத்தில் எது சருகு, எது மண் என்று கை தடுமாறும். விரலால் தேய்த்தால் நரம்பு தெரிகிறதா? அப்படியானால் சருகு. இந்த விதியை எல்லா இடத்திலும் ஒரே ஆள் கடைப்பிடிப்பது நல்லது.

வளையம் இறக்குவது

0–10 அடுக்குக்கு வளையம் 2.5 முதல் 7.5 செ.மீ. வரை உட்கார வேண்டும். மேல் 2.5 செ.மீ. மண்ணைக் கரண்டியால் சீவி எடுத்துத் தளமாக்கி, வளையத்தை வைத்து, மேலே மரக்கட்டை வைத்துத் தட்ட வேண்டும். ஓங்கி நாலு அடி அடிப்பதைவிட மெதுவாகப் பல தட்டு. இறங்கியதும் உள்ளே இருக்கும் மண்மட்டத்தையும் வெளியே இருக்கும் மட்டத்தையும் பாருங்கள். உள்ளே தாழ்ந்திருந்தால் மண் அமுங்கிவிட்டது. வேறு இடத்தில் மறுபடி. சுற்றித் தோண்டி, அடியில் கரண்டி விட்டு அலாக்காகத் தூக்கி, இரண்டு பக்கமும் கத்தியால் சமமாக வழித்துவிடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வேரைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், பிடுங்கினால் கூடவே மண்ணும் வந்துவிடும்.

செங்குன்றத்துச் செம்மண்ணில் 20 செ.மீ.க்குக் கீழே சரளை தட்டும். வளையத்தின் விளிம்பில் ஒரு கல் மாட்டினாலே பக்கத்தில் பள்ளம் விழுந்து கொள்ளளவு தப்பிவிடும். அப்படிப்பட்ட அடுக்கில் வளையத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குழி முறைக்கு மாறுவதே புத்திசாலித்தனம். 15க்கு 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் தோண்டி, எடுத்த மண் ஒரு பொட்டு சிந்தாமல் பையில் போட்டு, குழிக்குள் மெல்லிய பாலித்தீன் விரித்து, அளவுக் குவளையால் விளிம்பு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். பிடித்த தண்ணீரின் மில்லிலிட்டர்தான் குழியின் கன செ.மீ. பாலித்தீன் தடியாக இருந்தால் மூலைகளில் ஒட்டாமல் கொள்ளளவு குறைத்துக் காட்டும். துணிக்கடைப் பையைவிட மெலிதாக எடுங்கள்.

அடர்த்திக்கான மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைக்க வேண்டும். வீட்டு மின் அடுப்பு (ஓ.டி.ஜி.) போதும், ஆனால் அதன் திருகில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பாமல் உள்ளே ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துப் பாருங்கள். கார்பன் பரிசோதனைக்குப் போகும் மண்ணை அடுப்பில் வைக்கவே கூடாது. அதை நிழலில் செய்தித்தாள் விரித்து உலர்த்தி, மரச்சுத்தியால் நுணுக்கி, வேர் பொறுக்கி, 2 மி.மீ. சலித்து அனுப்ப வேண்டும்.

சரளைக் கணக்கு

வளையத்து மண் காய்ந்தபின் 336 கிராம், அதில் 2 மி.மீ.க்கு மேல் சரளை 70 கிராம் என்று வைப்போம். ஆய்வகம் கார்பன் சதவீதம் சொல்வது சலித்த மண்ணுக்குத்தான். சரளையில் கார்பன் கிடையாது. ஆகவே கணக்கில் ஏற வேண்டியது 266 கிராம், வகுக்க வேண்டியது முழுக் கொள்ளளவு 210. வருவது 1.27. சரளையைக் கழிக்காமல் 336ஐ 210ஆல் வகுத்தால் 1.60, கார்பன் இருப்பு 26 சதவீதம் கூடிப்போகும். இன்னும் நுணுக்கமாகச் செய்கிறேன் என்று சரளையின் கொள்ளளவையும் கழிப்பவர்கள் உண்டு. 70 கிராம் சரளை சுமார் 26 மில்லி தண்ணீரை இடம்பெயர்க்கும். 266ஐ 184ஆல் வகுத்து 1.45 என்று எடுப்பார்கள். அது மண்துகளுக்கு மட்டுமான அடர்த்தி. அப்படி எடுத்தால் கடைசியில் சரளை இல்லாத கொள்ளளவுப் பங்கால் பெருக்கியாக வேண்டும். மறந்தால் 14 சதவீதம் கூடுதல். நேர் வழி இருக்கும்போது சுற்றுவழி எதற்கு?

மண் கட்டுமானம்: டீ வடிகட்டியும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. இரண்டு நிலத்து மேல்மண்ணிலும் கடலைப்பருப்பு அளவுக் கட்டிகளைப் பொறுக்கி, ஒரே நிழலில் ஒரே நாள் முழுக்க உலர்த்துங்கள். ஒன்று ஈரமாகவும் ஒன்று காய்ந்தும் இருந்தால் சோதனையே செல்லாது. ஈரக் கட்டி எப்போதும் நன்றாகத் தாங்கும். டீ வடிகட்டியில் வைத்துக் கிளாஸ் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். உழவு நிலத்துக் கட்டி தொட்டதும் கொப்புளம் விடும், ஓரம் கரையும், ஒரு நிமிடத்துக்குள் வலைக்கண் வழியே புகை போல இறங்கிக் கிளாஸின் அடியில் செம்மணலாகப் படியும். பல வருடமாகக் கலப்பை படாத மரத்தடிக் கட்டி கொப்புளம் விட்டாலும் உருக்குலையாது. ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டியை ஐந்து முறை மேலும் கீழும் அசைத்தாலும் பெரும்பகுதி மேலேயே நிற்கும். கையில் எடுத்துப் பிட்டால் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய வேர்களும் வெள்ளைப் பூஞ்சை நூலும் தெரியும். கட்டியைக் கட்டி வைத்திருப்பவை அவைதான். கார்பன் ஒளிந்திருப்பதும் இந்தக் கட்டிகளுக்குள்தான். கலப்பை கட்டியை உடைத்தால் உள்ளே இருந்த மட்கு காற்றுக்கும் நுண்ணுயிருக்கும் திறந்துவிடப்படுகிறது. கட்டுமானத்தையும் கார்பனையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

வரிசை இடைவெளியிலிருந்து எடுத்த கட்டியையும் மறக்காமல் போடுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ரொட்டவேட்டர் ஓடும் தோப்பில் அது பக்கத்துக் கடலைக்காட்டுக் கட்டி போலவே கரையும். முப்பது வருடத் தோப்பு என்ற பெயர் இருக்கும், இடைவெளி மண்ணுக்கு அந்த வயது இருக்காது. குத்தகைக்காரர்களிடம் இதைச் சொன்னால், "ஓட்டினாத்தான் சார் தோப்பு தோப்பா இருக்கும்" என்பார்கள். களைக்கும் பாம்புக்கும் பயந்து ஓட்டுவதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் புல் வெட்டும் கருவியே போதும் என்பது என் கட்சி.

மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துத் தோப்பானால் கிளாஸை இரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் தெளியாமல் பால் போலவே கலங்கி நின்றால் அது வேறு வியாதி: மண்ணில் சோடியம் ஏறியிருக்கிறது. அந்தப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுக் கதை. அந்த மண்ணில் கட்டி கரைவதற்கு உழவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு 15 செ.மீ. விட்டமுள்ள வளையம். பாதி உயரம் இறக்கி, உள்ளே பாலித்தீன் விரித்து 442 மில்லி ஊற்றி, பாலித்தீனை உருவிவிட்டு நேரம் பாருங்கள். அது 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் ஊற்று காய்ந்த மண்ணின் தாகத்தைத்தான் காட்டும். இரண்டாவது ஊற்றின் நேரத்தை எழுதுங்கள். தோப்பில் ஓரிடத்தில் மட்டும் மடமடவென்று இறங்கினால், அடியில் கறையான் வழியோ செத்த வேரின் துளையோ இருக்கும். அதையும் எழுதிக்கொண்டு பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். டிராக்டர் தடத்தில் நேரம் அதிகம் எடுக்கும். அங்கே 8 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தால் 15 முதல் 25 செ.மீ.க்குள் எங்கோ முட்டி நிற்கும். கலப்பையும் சக்கரமும் சேர்ந்து போட்ட இறுகிய மண் தட்டு அது.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை

மண் பரிசோதனை நிலையங்கள் பெரும்பாலும் பின்பற்றுவது வாக்ளி–பிளாக் முறை: பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும். டைகுரோமேட் புற்றுநோய் வரவழைக்கும் விஷம், வீட்டில் முயல வேண்டாம். இந்த முறை மண்ணில் உள்ள கார்பனில் சராசரியாகச் சுமார் 75 சதவீதத்தைத்தான் பிடிக்கும், அதனால் 1.33ஆல் பெருக்குவார்கள். சில இடங்களில் பெருக்கித் தருவார்கள், சில இடங்களில் பெருக்காமல் தருவார்கள், காகிதத்தில் அது எழுதியிருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு ஆய்வக முடிவுகளை ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் காகிதத்திலேயே முளைத்துவிடும். ஒரே மண்ணை இரண்டு பெயரில் அனுப்புங்கள். இரண்டு விடையும் எவ்வளவு விலகுகிறதோ, அதைவிடச் சிறிய வித்தியாசத்தை மண்ணின் மேல் ஏற்றிச் சொல்லாதீர்கள்.

உப்பு ஏறிய மண்ணில் குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்னும், கார்பன் கூடியது போலக் காட்டும். 12 மி.கி. குளோரைடு ஒரு மி.கி. கார்பனாக வேஷம் போடும். மீஞ்சூர் பக்கத்து மண் என்று முன்பே சொன்னால் அமிலத்தோடு வெள்ளி சல்பேட் சேர்ப்பார்கள். அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் இன்னொரு சிக்கல்: நிலக்கரித் தூளும் சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரியும். மண்ணை 550 டிகிரியில் எரித்து எடை குறைவதைப் பார்க்கும் முறையில் அதெல்லாம் தோப்பு சேர்த்த கார்பனாகவே எண்ணப்படும். சருகை எரித்த தோப்பின் கரித்துண்டும் அப்படித்தான். அங்கே எரிக்கும் முறையைத் தவிர்ப்பது உத்தமம்.

கடைசிக் கணக்கு

கார்பன் சதவீதம் × அடர்த்தி × ஆழம் (செ.மீ.) = ஹெக்டேருக்கு டன். அடர்த்தி என்பது மேலே சொன்ன சரளை கழித்த எண். எடுத்துக்காட்டுக்கு, சரளை இல்லாத நிலமாக வைத்துக்கொள்வோம். உழவு நிலம்: 0.45 × 1.60 × 30 = 21.6 டன். தோப்பு: 0.80 × 1.40 × 30 = 33.6 டன். வித்தியாசம் 12 டன். ஆனால் 30 செ.மீ. ஆழத்தில் உழவு நிலத்தில் இருப்பது 4,800 டன் மண், தோப்பில் 4,200 டன்தான். தோப்பு மண் உப்பி மேலே எழுந்திருக்கிறது. அதே எடை மண்ணை அளக்க இன்னும் 600 டன் கீழே போக வேண்டும். 30–40 அடுக்கின் அடர்த்தி 1.50 என்றால் அது 4 செ.மீ.; அங்கே கார்பன் 0.40 சதவீதம் என்றால் 2.4 டன் சேரும். தோப்பு 36.0, வித்தியாசம் 14.4 டன். கார்பன் டை ஆக்சைடாகச் சொல்ல 3.67ஆல் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 53 டன். சதவீதத்தை மட்டும் பார்த்தவர் 0.45க்கும் 0.80க்கும் "கிட்டத்தட்ட இரண்டு மடங்கு" என்பார். எடைக்கு எடை பார்த்தால் 1.67 மடங்கு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த நாலாவது அடுக்கும் வளையமும்தான்.

அடுத்த முறை மாற்ற வேண்டியது: வரிசை இடைவெளியில் மூன்று இடம் போதாது, ஆறு இடமாவது வேண்டும், அங்கேதான் எண்கள் சிதறுகின்றன. டிராக்டர் தடத்தைத் தனிப் பகுதியாகவே பிரித்துவிடலாம். முடிந்தால் ஒரு குழியாவது ஒரு மீட்டர் வரை போக வேண்டும், மாமரத்தின் வேர் 40 செ.மீ.யோடு நிற்பதில்லை.

திரும்ப அளப்பதற்கு அவசரம் வேண்டாம். 33.6 டன் இருப்பில் 10 சதவீதம் அளவீட்டுப் பிழை என்றாலே 3.4 டன், வருடத்துக்கு அரை டன் கூடினாலும் அது கண்ணுக்குத் தெரிய ஏழு வருடம் ஆகும். கைப்பேசி காட்டும் இடக்குறி சில மீட்டர் தள்ளிப்போகும் என்பதால், மரத்துக்கு எண் போட்டு அடிமரத்திலிருந்து தூரமும் திசையும் எழுதி, குழிக்குள் 50 செ.மீ. ஆழத்தில் ஒரு செங்கல்லைப் போட்டு மூடுங்கள். ஒவ்வொரு மண்ணிலும் 200 கிராம் உலர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால், பழையதையும் புதியதையும் ஒரே ஆய்வகத்தில் ஒரே நாளில் போட்டுப் பார்க்கலாம். சீட்டைப் பாட்டிலுக்கு வெளியே ஒட்டினால் வெள்ளிப்பூச்சி தின்றுவிடும். பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள்.